லக்சர் ஒருநாள் டூர்: 260 டாலர் போனது, சேத்தி கல்லறையைப் பார்க்கவே முடியவில்லை

எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள ஹுர்காடாவில் தங்கிக்கொண்டு, பழங்காலக் கோயில்களும் கல்லறைகளும் உள்ள லக்சருக்கு ஒருநாள் டூர் போய்வரலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து 260 டாலர் போயிருக்கிறது. நம் பணத்தில் 20,000 ரூபாய்க்கு மேல். பணம் திரும்ப வராது என்று இன்று காலைதான் கடைசி பதில் அனுப்பினார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பல நாடுகளின் டூர்களை விற்கிற பெரிய செயலி ஒன்றில் பதிவு செய்தோம். தலைக்கு 90 டாலர். மன்னர்களின் பள்ளத்தாக்கு (பழங்கால எகிப்து மன்னர்களின் கல்லறைகள் இருக்கிற இடம்), ஹட்செப்சூட் கோயில், மெம்னான் சிலைகள், கர்னாக் கோயில், எல்லா நுழைவுக் கட்டணமும், மதியச் சாப்பாடும், எகிப்தியவியல் படித்த கைடும் அதில் அடக்கம் என்று போட்டிருந்தது. அக்கா வரலாற்று டீச்சர். அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற, முதலாம் சேத்தி என்ற மன்னரின் கல்லறையைப் பார்ப்பதுதான் அவளுக்கு இந்தப் பயணமே. 1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தது. பாறைக்குள் 130 மீட்டருக்கு மேல் இறங்கிப் போகிறது. அடக்க அறையின் கூரை முழுக்க நட்சத்திர மண்டலங்கள். பள்ளத்தாக்கின் சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். ஆனால் சேத்திக்குத் தனி டிக்கெட். அதையும் தெரிந்துகொண்டுதான் போனோம்.

விடியுமுன் பஸ் கிளம்பியது. நான்கு மணி நேரப் பயணம். கைடு ஒவ்வொரு இருக்கையாக வந்து பேசினார். அக்கா டீச்சர் என்றதும் தன் அம்மாவும் டீச்சர்தான் என்றார். கழுத்தில் அடையாள அட்டை. சேத்தி கல்லறை என்று அக்கா சொன்னவுடன், “அங்கே கவுன்டரில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும்தான். வரிசையில் நின்றால் உங்கள் நேரம் போய்விடும். ரொக்கமாக என்னிடம் கொடுங்கள், என் கார்டில் எடுத்துவிடுகிறேன்” என்றார். கவுன்டரில் கார்டு மட்டும்தான் என்பது உண்மை, நாங்களே படித்திருந்தோம். அந்த ஒரு உண்மைதான் மற்றதை நம்ப வைத்தது. 80 டாலர் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, “டிக்கெட்தான் ரசீது மேடம்” என்றார்.

லக்சர் வந்ததும் நேராகப் பள்ளத்தாக்குக்குப் போயிருக்க வேண்டும். போனது ஒரு அலபாஸ்டர் கல் பட்டறைக்கு. வாசலில் நான்கு பேர் உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், உள்ளே முழுக்கக் கடை. அப்புறம் ஒரு பப்பைரஸ் (நாணல் தாள்) கடை. இரண்டிலும் கதவருகே கைடு நின்றுகொண்டு யாரையும் வெளியே விடவில்லை. பள்ளத்தாக்கை அடையும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. “ஐம்பது நிமிடம், பஸ் காத்திருக்காது” என்றார். கையில் திணித்தது சாதாரண டிக்கெட். சேத்தி டிக்கெட் எங்கே என்றால், “இன்று பராமரிப்புக்காக மூடிவிட்டார்கள், பணத்தை மாலையில் தருகிறேன்.”

அக்கா நம்பவில்லை. நடந்தே போய்ப் பார்த்தோம். கல்லறை திறந்திருந்தது! ஒரு ஜோடி வெளியே வந்துகொண்டிருந்தது. காவலர் எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திரும்ப நுழைவாயில் கவுன்டருக்குப் போய் வாங்கி வர நேரமில்லை. போனில் கைடு எடுக்கவில்லை. “விடுடா, வா” என்று சொல்லிவிட்டு அக்கா அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தை நினைத்தால்தான் எனக்குப் பணத்தைவிட வயிறு எரிகிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹட்செப்சூட் கோயிலைச் சாலையிலிருந்து போட்டோ எடுக்க நிறுத்தினார்கள், உள்ளே போகவில்லை. மெம்னான் சிலைகளுக்கு ‘கட்டணம் உட்பட’ என்று விளம்பரத்தில் இருக்கிறது. அங்கே டிக்கெட்டே கிடையாது, சாலையோரம் யாரும் பார்க்கலாம். கர்னாக்கில் 134 தூண்கள் நிற்கிற மண்டபத்தில், எல்லாமே சேத்தியின் மகன் இரண்டாம் ராம்செஸ் செதுக்கியது என்றார் எகிப்தியவியல் படித்த கைடு. வடக்குப் பாதியில் புடைப்புச் சிற்பமாக இருப்பது சேத்தியின் காலத்து வேலை, தெற்கே குழித்துச் செதுக்கியதுதான் ராம்செஸுடையது என்று அக்கா காட்டியதும், அதன்பின் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

மாலையில், பணம் டூர் நடத்துகிற நிறுவனத்தின் ஆபீஸில் இருக்கிறது என்றார் கைடு. ஆபீஸுக்கு எழுதினால், கைடிடம் கொடுத்தது உங்கள் சொந்த ஏற்பாடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கைடுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. செயலிக்காரர்களோ, நீங்கள் டூரில் கலந்துகொண்டதாக நிறுவனம் சொல்கிறது, ஆகவே ரீஃபண்ட் இல்லை என்றார்கள். பட்டறை, மூடிய கல்லறை என்ற பொய், போகாத கோயில் எல்லாவற்றையும் போட்டோவோடு அனுப்பினேன். அடுத்த பதிவுக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. நான் எழுதிய ரிவ்யூ விதிமுறைக்கு உட்படவில்லை என்று எடுத்துவிட்டார்கள். 260 டாலர் வாங்கிக்கொண்டு, அதைச் சொல்லவும் விடவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது: கைடு கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், என்ன காரணம் சொன்னாலும். தனி டிக்கெட் கல்லறைகளுக்கு உங்கள் கார்டை நீட்டி நீங்களே கவுன்டரில் எடுங்கள். கடைக்குக் கூட்டிப்போக மாட்டோம் என்று பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் லக்சரிலேயே ஓர் இரவு தங்கி, காலையில் டாக்ஸி பிடித்துப் போங்கள். கார்டில் கட்டிய 180 டாலருக்கு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 80 டாலருக்கு அந்த வழியும் இல்லை.