20 மெகா ஹெர்ட்ஸ் என்று ஒட்டி விற்கப்படும் ஆசிலோஸ்கோப் கிட்: சேலத்தில் வாங்குவோர் கவனத்திற்கு

சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கடையில், நாமே சால்டரிங் வைத்துப் பொருத்திக்கொள்ளும் டிஎஸ்ஓ138 வகை ஆசிலோஸ்கோப் (மின்சார அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) கிட்டை, பெட்டியின் மேல் ‘20 மெகா ஹெர்ட்ஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அம்மாப்பேட்டையில் வசிக்கும், பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன், யூபிஎஸ் பழுது பார்த்துப் பழகுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் அதை வாங்கினான். ஸ்டிக்கரில் இருப்பது பொய். சரக்கில் இருந்த பழுதைக் காட்டியும் திரும்பப் பெற மறுத்தார்கள். அதைவிட மோசமாக, உயிருக்கு ஆபத்தான யோசனை ஒன்றையும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் அந்த யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். “வீட்டு பிளக்குலயே புரோப வச்சுப் பாருங்க தம்பி, சைன் வேவ் அழகா தெரியும்” என்று கடையில் சொன்னார்களாம். (புரோப் என்பது அளக்க வேண்டிய இடத்தில் தொட்டு வைக்கும் கம்பி முனை.) நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட். இந்தக் கிட்டின் உள்ளீடு தாங்குவதோ 50 வோல்ட் உச்சம் வரைதான். கருவி பாழாவது ஒருபுறம் இருக்கட்டும். புரோப் மாட்டும் பிஎன்சி கனெக்டரின் உலோக உறை போர்டின் கிரவுண்டோடு (பொது இணைப்போடு) நேரடியாக இணைந்திருப்பதால், கிரவுண்டு கிளிப் தவறிப்போய் ஃபேஸ் பக்கம் பட்டால் அந்த உறையும், மூடி இல்லாத போர்டின் கிரவுண்டுப் பகுதி முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறவன் பதினெட்டு வயதுப் பையன். யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) ஆகியவற்றில் வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் மெயின்ஸ் பக்கத்தைப் பார்க்க இந்தக் கருவியை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பெற்றோர் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். அசல் டிஎஸ்ஓ138 நொடிக்கு 10 லட்சம் மாதிரிகளை எடுக்கும், அதாவது அலையை அத்தனை முறை அளந்து புள்ளி வைக்கும். அதன் அலைவரிசை, அதாவது ஓரளவு சரியாகக் காட்டக்கூடிய அலை வேகத்தின் உச்ச வரம்பு, 200 கிலோ ஹெர்ட்ஸ். ஒரே ஒரு சேனல். 20 மெகா ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 2 கோடி அலைகள். அப்படியானால் இருபது அலைகளுக்கு ஒரு புள்ளியைத்தான் இது பிடிக்கும், அதை வைத்து எந்த அலையையும் வரைய முடியாது. அதிலும் மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதியான 500 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டிய சிக்னலைக் கொடுத்தால் திரை வெறுமனே இருக்காது, உண்மையில் இல்லாத ஒரு மெதுவான அலையைக் காட்டும்; கற்றுக்கொள்கிறவன் அதை நிஜமென்று நம்பிவிடுவான். நண்பர் ஒருவருடைய பட்டறையில் சோதனை அலைகளை உருவாக்கித் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டரோடு இணைத்துப் பார்த்தேன். 200 கிலோ ஹெர்ட்ஸை நெருங்கும்போதே அலையின் உயரம் நன்றாகக் குறைந்துவிட்டது. 1 மெகா ஹெர்ட்ஸில் மெல்ல நெளியும் ஒரு கோடு மட்டுமே இருந்தது.

இந்தச் சோதனைக்கு வருவதற்கே பெரும்பாடு ஆயிற்று. பையன் ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து அளந்து பொறுமையாகப் பொருத்தி, 9 வோல்ட் கொடுத்தபோது திரை வெள்ளையாக மட்டும் எரிந்தது. போர்டுக்குள் வர வேண்டிய 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சரியாக வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால், தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பப்பட்ட புராசஸர் ஐசியின் அடுத்தடுத்த இரண்டு கால்களுக்கு இடையில் ஈயம் பாலம் கட்டியிருந்தது. அவன் கை அந்தப் பக்கமே போகவில்லை. போர்டை எடுத்துச் சென்று லென்ஸோடு காட்டினேன். “சால்டரிங் வச்ச போர்டையெல்லாம் எடுக்க முடியாதுங்க சார், கம்பெனி ரூல்ஸ்” என்று கடைக்காரர் முடித்துக்கொண்டார். சால்டரிங் வைக்காமல் இந்தக் கிட்டை இயக்கிப் பார்க்கவே வழியில்லை. வைத்துவிட்டால் திரும்பப் பெறமாட்டார்கள். அப்படியென்றால் எந்தக் குப்பையையும் பெட்டியில் போட்டு விற்றுவிடலாம் அல்லவா? பிறகு ஃபிளக்ஸ் தடவி, செம்பு வலையால் அந்த ஈயத்தை எடுத்த பின்தான் திரை உயிர் பெற்றது. சாதாரண மாணவன் ஒருவன் இந்தப் பழுதைக் கண்டுபிடித்திருக்க மாட்டான், தன் கைவேலைதான் சரியில்லை என்று எண்ணி ஒதுங்கியிருப்பான். எனக்கு அதுதான் மிகுந்த வேதனையாக இருக்கிறது.

கிட் என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபயர் வேலைக்கு, அதாவது 20 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான ஆடியோவுக்கு, இது நன்றாகவே பயன்படும். ஆர்டுயினோ என்னும் பயிற்சி போர்டின் பிடபிள்யூஎம் (வேகமாக அணைந்து எரியும் துடிப்பு), 9600 பாடு வேகத்தில் வரும் சீரியல் சிக்னல் ஆகியவற்றையும் தெளிவாகக் காட்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் மாஸ்ஃபெட்டின் (சுவிட்ச்போல இயங்கும் டிரான்சிஸ்டரின்) மேல் எழும் கூர்மையான துள்ளல்கள் தெரியாது. அதற்குப் பழைய இரட்டைச் சேனல் 20 மெகா ஹெர்ட்ஸ் சிஆர்ஓ (குழாய்த் திரை ஆசிலோஸ்கோப்) ஒன்றைத் தேடுவதே மேல். கிட்தான் வேண்டும் என்பவர்கள் டிஎஸ்ஓ150 வகையைப் பார்க்கலாம். சால்டரிங் தொடங்கும் முன்பே அதன் மெயின் போர்டுக்கு 9 வோல்ட் கொடுத்துத் திரை எரிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம். இரண்டு வகையிலும் போலிகள் ஏராளம். அசல் தயாரிப்பாளரான ஜேஒய்இ டெக் நிறுவனமே போலிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கடையில் கொடுத்தது பில் அல்ல, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைப் பில்லில் உள்ள காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். ‘கம்பெனி ரூல்ஸ்’ என்று சொல்லி இந்தச் சட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பெட்டியில் இருந்த ஸ்டிக்கரின் படம், ஈயப் பாலத்தை லென்ஸ் வழியாக எடுத்த படம், அந்தச் சீட்டு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இதே கடையில் வாங்கி வெள்ளைத் திரையோடு நிற்பவர்கள், ஈயத்தை எடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.