ராக்கெட்டுகளுக்காக வாங்கிய போர் விமானத் தொகுப்பு: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விமான சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில்) பறப்பவர்களுக்கு, அதிலும் தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்குவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதை எழுதுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் பனிப்போர்க் காலத்துப் போர் விமானம் ஒன்றின் கூடுதல் தொகுப்பை, அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலேயே வாங்கினேன். ஒரே காரணம், வழிகாட்டல் இல்லாத ராக்கெட்டுகள்.

ஏவுகணை தன் இலக்கைத் தானே தேடிக்கொள்ளும். ராக்கெட் அப்படியல்ல. பாயும் கோணம், வேகம், தூரம், காற்று எல்லாவற்றையும் விமானி தன் கையால் சரிசெய்து, சரியான நொடியில் விசையை அழுத்த வேண்டும். குழாயை விட்டு வெளியேறியபின் அதன் போக்கை யாராலும் மாற்ற முடியாது. இந்தக் கைத்திறனைப் பழகுவதற்காகவே பல ஆண்டுகளாகச் சிமுலேட்டரில் பறக்கிறேன். அதனால்தான் இந்த ஏமாற்றம் எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

விளம்பரத்தில் சொன்னது இது: 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள், இறக்கைக்குக் கீழே ராக்கெட்டுகளை அடுக்கிவைக்கும் 7 குழாய்க் கூடும் 19 குழாய்க் கூடும், ஐந்து வகை வெடிமுனைகள், ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் உண்மையான பறப்பியல் கணக்கு. கூடவே ஒரு முன்னோட்டக் காணொளி. விமானம் பாய்கிறது, இறக்கைக்குக் கீழே தீப்பிழம்பு, அடுத்த காட்சியில் லாரிகள் சிதறுகின்றன. நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். ராக்கெட் கிளம்புவதும் விழுவதும் ஒரே காட்சியில் வெட்டாமல் ஓரிடத்தில்கூட வரவில்லை என்பதை அந்த நான்கு முறையிலும் நான் கவனிக்கவில்லை.

முதல் மாலையே நண்பர் ஒருவரோடு இணைந்து பறந்தேன். நான் வெள்ளைப் பாஸ்பரஸ் ராக்கெட்டால் இலக்கைப் புகையிட்டுக் காட்ட வேண்டும், பின்னால் வரும் அவர் புகையைப் பார்த்துக் குண்டு போட வேண்டும். இலக்கைச் சுட்டிக்காட்ட உண்மை விமானிகள் காலங்காலமாகச் செய்துவருவதுதான் இது. வெடிமுனையைப் புகைக்கு மாற்றி நான்கு ராக்கெட்டுகளைச் சுட்டேன். "புகையே தெரியவில்லையே, சுட்டுவிட்டாயா?" என்று கேட்டார். சுட்டுவிட்டேன் என்றேன். அவர் இரண்டு சுற்று சுற்றிவிட்டு எரிபொருள் தீர்ந்து திரும்பிப் போனார். நான் சுட்ட நான்குமே சாதாரண வெடிகுண்டு ராக்கெட்டைப் போல வெடித்து, சற்றுத் தூசி கிளம்பியதோடு அடங்கிவிட்டன.

என் அமைப்பில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். மறுநாள் ஒளிராக்கெட்டை எடுத்துக்கொண்டு இரவில் பறந்தேன். நிஜத்தில் எம்-257 வெடிமுனை வானில் பிரிந்து, பாராசூட்டில் தொங்கியபடி எரிந்து கீழே உள்ளதை வெளிச்சமாக்கும். இங்கே அது நேராகப் போய்த் தரையில் மோதி வெடித்தது. பிறகு தொகுப்பின் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். ஆயுதங்களை வரையறுக்கும் எழுத்துக் கோப்பு பூட்டப்படாமல்தான் இருந்தது. ஐந்து வெடிமுனைகளுக்கும் பெயர் வேறு, நிறம் வேறு. வெடிமருந்தின் அளவும் மோதும்போது நடக்க வேண்டியதும் ஐந்திலும் அட்சரம் பிசகாமல் ஒன்றே. ஐந்து வகை என்று விற்றது ஒரே ராக்கெட்டுக்குப் பூசிய ஐந்து சாயம்.

அதன்பின் ஒரு வாரம் முழுக்கச் சோதனைதான். யாரும் இல்லாத ஓடுபாதை ஒன்றின் ஓரத்தில் லாரிகளை வரிசையாக நிறுத்தி, ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில், 1500 மீட்டர் தூரத்திலிருந்து 7 குழாய்க் கூட்டைப் பன்னிரண்டு முறை காலி செய்தேன். விழுந்த இடங்களை மேலிருந்து படமெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு முறையும் ஏழு குழிகளின் வடிவம் அச்சடித்தது போல ஒன்றாக இருந்தது. ஏழாவது ராக்கெட் ஒவ்வொரு முறையும் கூட்டத்திலிருந்து விலகி, கடைசி லாரிக்கு வலப்பக்கம் போய் விழுந்தது. ராக்கெட்டுகள் சிதறுவது இயல்பு. குழாயை விட்டு வரும் கணத்து ஆட்டம், விரியும் துடுப்புகள், மோட்டார் எரிவதில் இருக்கும் சிறு வேறுபாடு எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் தள்ளும். ஆனால் அந்தச் சிதறல் இருமுறை ஒரே மாதிரி வராது. இவர்கள் ஏழு திசைகளை எழுதிவைத்துவிட்டு அதற்குப் பறப்பியல் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பலமான பக்கக் காற்றை வைத்தும் சுட்டேன். மோட்டார் எரிந்து முடியும் வரை நிஜ ராக்கெட் காற்று வரும் பக்கமாக முகம் திருப்பும். இதில் ஒரு மீட்டர்கூட நகரவில்லை.

குறிபார்க்க உதவும் கருவியான குறிநோக்கி விஷயம் இன்னும் மோசம். இந்த விமானத்தில் விழும் இடத்தைக் கணித்துக் காட்டும் கணினி கிடையாது. கையேட்டு அட்டவணையைப் பார்த்து, குறிவட்டத்தை இத்தனை மில் கீழிறக்க வேண்டும் என்று விமானியே வைத்துக்கொள்ள வேண்டும். மில் என்பது கோணத்தின் சிறு அலகு: ஒரு மில் விலகினால் ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் விலகும். அட்டவணைப்படி வைத்து 10 டிகிரியில் பாய்ந்து சுட்டால், ராக்கெட்டுகள் இலக்கைத் தாண்டிச் சுமார் 80 மீட்டர் தள்ளி விழுந்தன. 30 டிகிரியில் பாய்ந்தால் 30 மீட்டர் தள்ளி. என் கைத்தவறு என்றால் முன்னும் பின்னுமாக அல்லவா விழ வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. சாய்வு குறையக் குறைய, கோணத்தில் வரும் சிறு பிழை தரையில் நீண்டுவிடும். அந்த 80 மீட்டரும் இந்த 30 மீட்டரும் கோணத்தில் ஏறக்குறைய ஒரே பிழைதான்: 10 மில். அட்டவணை முழுக்க அதே அளவு தவறாக இருக்கிறது. ஹைட்ரா 70 என்ற இந்த 70 மில்லிமீட்டர் ராக்கெட்டில் இருப்பது மார்க் 66 மோட்டார். அதற்கு முந்தைய மார்க் 40 மோட்டாரைவிட அது வேகமானது, அதனால் ராக்கெட் கீழே இறங்குவதும் குறைவு. பழைய மோட்டாருக்கான எண்களை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

கூடு காலியானாலும் விமானத்தின் எடை குறைவதில்லை. ஒரு ராக்கெட் பத்துக் கிலோவுக்கு மேல். ஓர் இறக்கையில் 19 ராக்கெட்டுகளையும் சுட்டுத் தீர்த்தால், மறு இறக்கையின் பாரத்தை ஜாய்ஸ்டிக்கில் உணர வேண்டாமா?

படங்கள், எண்கள், கோப்பின் வரிகள் எல்லாவற்றையும் சேர்த்து அவர்களுக்கு மரியாதையாகவே எழுதினேன். ஆறு நாள் கழித்து இரண்டு வரியில் பதில்: வழிகாட்டல் இல்லாத ராக்கெட் என்றாலே குறி தவறும், இதுதான் யதார்த்தம். படித்ததும் கொதித்துப்போனேன். குறி தவறும் என்பது எனக்கும் தெரியும். 1956 ஆகஸ்ட் 16 அன்று கலிஃபோர்னியாவின் வானில், கட்டுப்பாட்டை இழந்த ஆளில்லா ஹெல்கேட் விமானத்தை வீழ்த்த இரண்டு எஃப்-89 போர் விமானங்கள் 208 ராக்கெட்டுகளைச் சுட்டன. ஒன்றாலும் அதை வீழ்த்த முடியவில்லை. என் புகார் குறி தவறுவதைப் பற்றியதே அல்ல. பன்னிரண்டு முறையும் அதே இடத்தில் தவறுவதைப் பற்றியது, புகை ராக்கெட்டில் புகை வராததைப் பற்றியது. அதற்கு ஒரு சொல் பதிலில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உரிமக் குறியீட்டைச் செயல்படுத்திய பிறகு தர முடியாது என்றார்கள். செயல்படுத்தாமல் ஒரு ராக்கெட்டைக்கூடச் சுட்டுப் பார்க்க முடியாதே! ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியிருந்தால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருக்கும் நிலையில் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தில் எழுதிவைத்ததுதான் விதி. நான் அந்த விதியை வாங்கும் முன் படிக்கவில்லை. நீங்கள் படித்துவிடுங்கள்.

இப்படி ஒரு தொகுப்பை வாங்க நினைத்தால், விசையை அழுத்துவதிலிருந்து மோதுவது வரை வெட்டாமல் எடுத்த காட்சி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் விற்பவரிடமே கேளுங்கள், தர மறுத்தால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிய யாராவது தெரிந்தவர் இருந்தால், ஒரு புகை ராக்கெட்டையும் ஓர் ஒளிராக்கெட்டையும் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அவரிடமே ஒரு கூட்டை இரண்டு முறை காலி செய்யச் சொல்லி, இரண்டு படங்களையும் அடுக்கிப் பாருங்கள். விமானி அறையின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். இந்தத் தொகுப்பிலும் விமானி அறை அற்புதமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருகாணியின் தேய்மானத்தையும் வரைந்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியை ராக்கெட்டுக்குத் தந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

நான்கு நாட்களுக்கு முன் புதுப்பிப்பு ஒன்று வந்தது. மாற்றங்களின் பட்டியலில் 'ராக்கெட்டுகள் மேம்படுத்தப்பட்டன' என்று ஒரு வரி இருந்தது. உடனே அதே ஓடுபாதைக்குப் போய், அதே லாரிகளை நிறுத்தி, அதே தூரத்திலிருந்து சுட்டேன். மோட்டாரின் புகைத்தடம் முன்பைவிட அடர்த்தியாக, பார்க்க அழகாக இருந்தது. ஏழாவது ராக்கெட் கடைசி லாரிக்கு வலப்பக்கம் போய் விழுந்தது.