ஒரே பொலேரோ, மூன்று வீடு: ஃபேர்லேண்ட்ஸ், ஏற்காடு, அம்மாபேட்டை

ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறவர்கள் இன்று முதலில் செய்வது, அந்த ஸ்பீக்கர் யாரோ ஒருவர் வீட்டில் ஒலிப்பதை வீடியோவில் பார்ப்பதுதான். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் பார்த்து வந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரே சிம்பொனியைப் பத்து வீட்டு ஹாலில் கேட்பேன். சினிமாப் பாட்டு என்றால் எந்த ஸ்பீக்கரும் ஓரளவு சமாளித்துவிடும். எண்பது தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில்தான் சாயம் வெளுக்கும். ஆனால் நான் கேட்பது ஸ்பீக்கரையா, அந்த வீட்டுச் சுவரையா, படம் பிடித்த போனையா என்ற கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால் எனக்குப் பழக்கமான மூன்று வீடுகளில் நானே பதிவெடுத்து, நேரில் கேட்டதோடு வீடியோவில் கேட்டதை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒன்று, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீடு, இரண்டாவது மாடி: கெஃப் எல்எஸ்50 ஸ்பீக்கர், ட்ரான்சிஸ்டர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்). அடுத்தது, ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்து வீடு: கிளிப்ஷ் ஹெரசி 3 ஸ்பீக்கர், பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வில் (இஎல்34) ஓடும் ஆம்ப். மூன்றாவது, அம்மாபேட்டையில் மச்சான் வீடு: இடுப்பளவு உயர டவர் ஸ்பீக்கர், கூட, அடி ஒலிக்கென்றே தனியாக ஒரு 10 அங்குல சப்வூஃபர். மூன்று இடத்திலும் ஒரே ஃபைல்கள். முக்கியமாக இரண்டு: 1928-இல் பாரிஸில் அரங்கேறிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் பொலேரோ என்ற ஆர்கெஸ்ட்ரா இசை; 1893-இல் நியூயார்க்கில் அரங்கேறிய, செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் நியூ வேர்ல்ட் சிம்பொனியில் இரண்டாம் பகுதி.

பொலேரோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்நேர் டிரம்மில் ஒரே தாளம், காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய மெல்லிய சத்தத்தில் தொடங்கும். மேலே தனி ஃப்ளூட். அப்புறம் கிளாரினெட், பசூன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கால் மணி நேரம் படிப்படியாக ஏறி, முடிவில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும். மெட்டில் பெரிய மாற்றம் இல்லை, தாளமும் மாறாது. முடிவுக்குச் சற்று முன் வரை மாறுவதெல்லாம் சத்தமும் வாத்தியங்களின் நிறமும்தான். ஒரு சிஸ்டத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

போனில் எடுத்த முதல் சுற்று முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. சாதாரண கேமரா ஆப்பில் மைக்கின் அளவைப் போனே கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். மெல்லிய இடம் வந்தால் ஏற்றிவிடும், பலத்த இடம் வந்தால் இறக்கிவிடும். பேச்சுக்கு அது வரம், பொலேரோவுக்கு அது சாபம். ஃபேர்லேண்ட்ஸ் பதிவில் தொடக்கத்து ஸ்நேர் டிரம், ஃபேன் காற்றோடு சேர்ந்து பூதாகாரமாகக் கேட்டது. கடைசியில் டிராம்போன்கள் சறுக்கி இறங்கும் இடத்தில், யாரோ கதவைச் சாத்தியது போல மொத்தமும் அமுங்கிப்போனது. ராவேல் கால் மணி நேரம் கட்டிய ஏற்றம் போனுக்குள் மொட்டை மாடி மாதிரித் தட்டையாகிவிட்டது. இதைக் கேட்டு "இந்த ஸ்பீக்கரில் உயிரில்லை" என்று ஒருவர் முடிவு கட்டினால், அந்தப் பழி ஸ்பீக்கர்மேல் போடக்கூடாதது.

இரண்டாம் சுற்றுக்கு ஸூம் எச்1என் என்ற சின்ன ரெக்கார்டரை எடுத்துக்கொண்டேன். அதில் மைக் அளவைக் கையால் திருகி ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம். படத்தைப் போனில் எடுத்து, ஒலியைப் பிறகு சேர்த்தேன். மைக்குக்கும் ஸ்பீக்கர்களுக்கும் இடையே எல்லா வீட்டிலும் இரண்டரை மீட்டர். பிங்க் நாய்ஸ் என்ற, அருவி போல இரையும் சோதனை ஒலியைப் போட்டு, மைக் இருக்கும் இடத்தில் 75 டெசிபல் வரும்படி வால்யூமைச் சரிசெய்தேன். இந்த வேலைக்குச் சோம்பல் படவே கூடாது. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது 'நல்ல சிஸ்டம்' என்று எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும் என்பதால், சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் டாக்குமென்ட்டாகவே அனுப்பினேன்.

சரி, இனி சிஸ்டங்களுக்கு வருவோம்.

எல்எஸ்50 சின்னப் பெட்டி. ஐந்தேகால் அங்குலக் கூம்பு, அதன் நடுவிலேயே மேல் ஒலிக்கான ட்வீட்டர். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 85 டெசிபல் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஹெரசி 3-க்கு கிளிப்ஷ் சொல்வது 99. பதினான்கு டெசிபல் வித்தியாசம் என்றால் 25 மடங்கு வாட். என் ஸ்பீக்கர் 50 வாட் கேட்கும் சத்தத்தைச் சித்தப்பாவின் ஸ்பீக்கர் 2 வாட்டில் கொடுத்துவிடும். பொலேரோவின் கடைசி இரண்டு நிமிடங்களில் இந்தக் கணக்குக் காதுக்கே கேட்கிறது. என் வீட்டில் அந்த இடத்தில் ட்ரம்பெட்டும் டிராம்போனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்குவது போல இறுகின. ஏற்காட்டில் அதே இடம் சாவகாசமாக விரிந்தது, ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்திலேயே நின்றது. நேரிலும் அப்படித்தான், வீடியோவிலும் அப்படித்தான். ஸ்பீக்கர் திணறுவதை வீடியோ மறைப்பதில்லை. மைக் அளவு பூட்டப்பட்டிருந்தால் இந்த ஒரு விஷயத்தில் அதை முழுசாக நம்பலாம்.

அதற்கு மேல் நம்பினால்தான் சிக்கல். மொத்த வீடியோவையும் கேட்டுவிட்டு யாரைக் கேட்டாலும் ஏற்காடுதான் தெளிவு, ஃபேர்லேண்ட்ஸில் எதிரொலி அதிகம் என்பார்கள். எனக்கும் ஹெட்ஃபோனில் அப்படித்தான் பட்டது. ஆனால் என் ஹாலில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த எதிரொலி கேட்பதே இல்லை! கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகப் புரியும். அதையே போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல், பேச்சு எங்கோ அமுங்கிக் கிடக்கும். இரண்டு காதும் மூளையும் சேர்ந்து நேராக வரும் ஒலியை முன்னால் நிறுத்தி, சுவரில் பட்டு வருவதைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. வருவதையெல்லாம் ஒரே மாதிரி அள்ளிக்கொள்ளும்.

ஹெரசியில் நடு ஒலிக்கும் மேல் ஒலிக்கும் ஹார்ன். புனல் போல ஒலியைக் குவித்து முன்னால் அனுப்புவதால், பக்கச் சுவருக்குப் போவது குறைவு. போதாக்குறைக்கு அந்தப் பழைய பங்களாவில் மரக்கூரை, கம்பளம், சுவர் நிறையப் புத்தகம். என் ஹாலிலோ டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும். அகலமாக ஒலி பரப்பும் எல்எஸ்50 அங்கே மைக்கிடம் மாட்டிக்கொண்டது. ஆக, ஹார்ன் ஸ்பீக்கர்கள் வீடியோவில் பெரும்பாலும் ஒரு படி தூக்கலாகவே தெரியும். இதை அறியாமல் வீடியோ பார்த்து ஹார்ன் வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

த்வோர்ஷாக்கில் நிலைமை தலைகீழ். அந்த இரண்டாம் பகுதியின் உயிரே கோர் ஆங்லே வாசிக்கும் மெட்டு. ஓபோவின் அண்ணன் மாதிரி, கொஞ்சம் கீழே பேசும் வாத்தியம். நாதஸ்வரம் போலவே இதற்கும் நாணலில் செய்த சீவாளி. கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, சீவாளியின் அந்த மெல்லிய கரகரப்பு எங்கே முடிந்து குழலின் நாதம் எங்கே தொடங்குகிறது என்று நன்றாகவே தெரியும். எல்எஸ்50-இல் அந்த இரண்டும் ஒன்றாக இழைந்து வந்தன. கோர் ஆங்லே ஸ்பீக்கர்களுக்குப் பின்னால், வயலின்களைத் தாண்டி ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த ஆழத்துக்காகத்தான் நான் இந்த ஸ்பீக்கரையே வாங்கினேன். ஹெரசியில் வாத்தியம் ஓரடி முன்னால் வந்து, லேசாக மூக்கால் பேசியது. வீடியோவில் என்ன ஆனது தெரியுமா? என் வீட்டு ஆழம் மொத்தமும் காணாமல் போனது. ஏற்காட்டு மூக்கொலி 'தெளிவு' என்ற பெயரில் பாஸாகிவிட்டது.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "மூக்கொலியோ என்னவோ, எனக்கு ஆள் எதிரே நிக்கணும் தம்பி" என்றார். அவர் அதிகம் கேட்பது இளையராஜாவின் 2005 திருவாசகம். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தமிழ்க் குரல் நிற்கும் ஆல்பம் அது. அதற்கு அவர் சொல்வது சரிதான், குரல் எதிரே நின்றே ஆக வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் அதைக் கேட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரை நான் கார் ரேடியோவைப் போடவில்லை.

ஏற்காட்டில் இன்னொரு சங்கடம்: சில்வண்டு. சாயங்காலம் எடுத்த பதிவில் பொலேரோவின் முதல் நிமிடத்து ஸ்நேர் டிரம்மை அந்த ரீங்காரம் விழுங்கிவிட்டது. மறுநாள் காலை ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு எடுத்ததுதான் கணக்கில் சேர்ந்தது. அம்மாபேட்டையில் அதே வேலையைப் பக்கத்து வீட்டு விசைத்தறி செய்தது. நேரில் மச்சானுக்கு அது காதில் விழுவதே இல்லை, மைக்குக்கு விழுந்தது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தோம்.

அந்த அம்மாபேட்டை சிஸ்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. ஆர்கெஸ்ட்ராவின் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸின் அடித்தந்தி, அதாவது ஈ ஸ்வரம், 41 ஹெர்ட்ஸ். எல்எஸ்50 நிறுவனக் கணக்குப்படி 79 வரைதான் முழுதாக இறங்கும், ஹெரசி 3-ஓ 58 வரை. மிச்சத்தை மேல் ஒலிகளை வைத்து நம் காது ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. உண்மையாகவே 41-ஐ ஒலித்துக் காட்டியது மச்சானின் சப்வூஃபர் மட்டும்தான். பதினான்கு நிமிடத்துக்கு மேல் பொலேரோ அங்கே அருமையாகப் போனது. சி ஸ்வரத்தையே சட்ஜமமாக வைத்துச் சுற்றிவரும் அந்த இசை, முடிவுக்குச் சற்று முன் திடீரென்று சட்ஜமத்தை ஈ ஸ்வரத்துக்கு மாற்றிக்கொள்ளும். சில விநாடிதான். அந்தச் சில விநாடியில் ஹாலே ஊளையிட்டது. ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.

"சப் போச்சா மச்சா?" என்று மச்சான் பதறிவிட்டான்.

சப்பில் ஒரு கோளாறும் இல்லை. அவன் ஹால் நீளம் 14 அடி, அதாவது 4.27 மீட்டர். 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 40.9 ஹெர்ட்ஸ். டபுள் பேஸின் கீழ் ஈ அந்த ஹாலின் சொந்த ஸ்வரமாக அமைந்துவிட்டது. சப் மூலையில் இருந்ததால் ஹால் அதை முழு பலத்தோடு வாங்கிப் பெருக்கியது.

நீளச் சுவரின் சரிபாதியில், ஏழாவது அடியில், சப்பை நகர்த்தி வைத்தோம். அந்த அலைக்கு நடுப்புள்ளி செத்த இடம், அங்கிருந்து அதை உசுப்ப முடியாது. மைக்கைத் தொடவில்லை, வால்யூமைத் தொடவில்லை. மறுபடி அதே இரண்டு நிமிடம். வேறு வேறு வீட்டுச் சிஸ்டங்களை ஒப்பிடும்போது இவ்வளவு தடுமாறிய வீடியோ, ஒரே ஹாலில் ஒரே மைக்கில் 'முன்', 'பின்' என்று வைத்ததும் கண்ணாடி மாதிரி பேசியது. முதல் பதிவில் ஈ ஸ்வரம் வந்ததும் டிம்பனி என்ற பெரிய முரசு, டபுள் பேஸ், செல்லோ எல்லாம் ஒரே உறுமலாகக் கலந்தன. இரண்டாவதில் டிம்பனியின் ஒவ்வொரு அடியும் தனியாக விழுந்து, தனியாக அடங்கியது.

சின்ன ஹால், மிதமான சத்தம், வாத்தியத்தின் நிறமும் ஆழமும் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு எல்எஸ்50-க்கு. பெரிய அறையும், முழு ஆர்கெஸ்ட்ராவை முழு பலத்தில் கேட்கும் ஆசையும் இருந்தால் ஹெரசி. ஆனால் இந்த மூன்று வீட்டில் பொலேரோவின் முடிவை இன்று எங்கே கேட்பாய் என்றால், நான் அம்மாபேட்டைக்கு வண்டியை விடுவேன், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்.