பாலியில் கல்யாணம், கூடவே ஓய்வு: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பாலிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, அப்படியே நாலு நாள் ஓய்வெடுத்துவிட்டு வரலாம் என்ற யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏஜென்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரைப் போல இன்னும் பலர் இந்தத் தொழிலில் இருப்பார்கள் என்பதால், பெயரைவிட அவர் எப்படி ஏமாற்றினார் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

நான் இந்து, என் கணவர் கிறிஸ்தவர். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி முடிப்பதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆறு நாள் பயணம், இரு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், கடலைப் பார்த்தபடி ஒரு சின்னச் சடங்கு, மிச்ச நாளெல்லாம் தூக்கம். அவ்வளவுதான் ஆசை. ஏஜென்ட் காட்டிய பேக்கேஜில் ‘லீகல் வெட்டிங்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “நாங்கள் வேறு வேறு மதம், பரவாயில்லையா?” என்று முதல் போனிலேயே கேட்டேன். “அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை மேடம், கவர்ன்மென்ட் சர்டிபிகேட்டோடு அனுப்பிவைக்கிறோம்” என்றார். எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்தில் ஒரு வரி கிடையாது.

எங்களிடம் அவர்கள் கேட்டது பாஸ்போர்ட் நகல் மட்டும்தான். இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டோம். சந்தேகப்பட வேண்டிய இடமே அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

பாலி இருக்கும் இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, மணமக்களின் மத முறைப்படி நடந்தால்தான் கல்யாணம் செல்லும். அதற்கு அப்புறம்தான் அரசுப் பதிவு. முஸ்லிம்களுக்கு மத விவகார அலுவலகத்தில், மற்றவர்களுக்கு சிவில் பதிவு அலுவலகத்தில். வேறு வேறு மதத்தவர் மணக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் எந்த மதத்தின் முறைப்படி நடந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பதிவு நகராது. முன்பெல்லாம் நீதிமன்ற அனுமதி வாங்கிச் சிலர் பதிவு செய்திருக்கிறார்கள். 2023இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சுற்றறிக்கை விட்டு, அப்படி அனுமதி தர வேண்டாம் என்று நீதிபதிகளுக்குச் சொல்லிவிட்டது. அதாவது எங்களுக்கு அங்கே சட்டப்படி கல்யாணம் நடக்க அநேகமாக வாய்ப்பே இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஒரே மதத்தவராக இருந்தாலும் பாஸ்போர்ட் நகலோடு வேலை முடியாது. பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், சாட்சிகள் வேண்டும், மணம் செய்துகொள்ளத் தடை ஏதும் இல்லை என்று உங்கள் நாட்டுத் தூதரகம் தரும் கடிதம் வேண்டும். அதற்கே நாள் பிடிக்கும். இதில் எதையுமே கேட்காத ஏஜென்ட், பதிவு செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து. துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, நாங்கள் கொடுத்த சான்றிதழ் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். தங்க நிற முத்திரை, பூ வேலைப்பாடு, சடங்கு நடத்தியவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. அரசு முத்திரை மட்டும் இல்லை. அடியில் பொடி எழுத்தில், இது அடையாளச் சடங்கின் நினைவுப் பத்திரம் என்று ஒரு வரி. அதாவது சட்டப்படி பதிவாகாத வெறும் சடங்கு. மூன்று மாதமாக பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தும் அதை நாங்கள் இருவருமே படிக்கவில்லை. அசல் சான்றிதழுக்கு அங்கே ‘குத்திப்பான் அக்தா பெர்காவினான்’ என்று பெயர். சிவில் பதிவு அலுவலகம் தருவது. இந்தப் பெயரைச் சொல்லி, “இது கிடைக்குமா?” என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

அடையாளச் சடங்கே போதும், பதிவை ஊரில் வைத்துக்கொள்கிறோம் என்று முடிவெடுத்துப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. எங்களிடமும் அப்படிச் சொல்லியிருந்தால் சரி என்று அதையே செய்திருப்போம். சடங்கு அழகாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் மாமியார் அழுதே விட்டார்.

பணத்தில் நடந்தது தனிக் கதை. இடத்துக்கான கட்டணம் 4 கோடி ரூபியா (நம் ரூபாய் இல்லை, இந்தோனேசியப் பணம்) என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தார்கள். ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்தேன். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்பதற்கு அங்கே அதுதான் குறியாம். எங்கள் பில்லில் அது 21 சதவீதம், ஆக 84 லட்சம் ரூபியா கூடுதல். அப்புறம் ‘பஞ்சார்’ கட்டணம். பஞ்சார் என்பது அந்த ஊர்க்காரர்களின் சமூக அமைப்பு, அவர்கள் பகுதியில் விசேஷம் நடத்தினால் கட்டணம் வாங்குவார்கள். அது நியாயமான வழக்கம்தான், ஊர்க்காரர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சடங்குக்கு முந்தின நாள் இரவு, ரொக்கமாக வேண்டும் என்று ஏஜென்ட் வந்து நின்றபோது வேறு என்ன செய்ய முடியும்? வெளிநாட்டுப் பயணிகளிடம் பாலி 2024 பிப்ரவரியிலிருந்து வாங்கும் வரி தலைக்கு 1,50,000 ரூபியா. அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நாமே கட்டிவிடலாம். எங்களிடம் இவர் வாங்கியது தலைக்கு 4,00,000.

ஓய்வாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. தங்குவது உபுதில், சடங்கு உலுவாத்துவில். ஒன்று தீவின் நடுப்பகுதி, இன்னொன்று தெற்கு முனை. “முக்கால் மணி நேரம்” என்றார். போக இரண்டரை மணி நேரம், வர மூன்று. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வேனில் உட்கார்ந்து போக்குவரத்து நெரிசலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் கல்யாண நாளின் பெரும்பகுதி. படத்தில் காட்டிய வில்லா ‘பராமரிப்பில்’ இருந்ததால் வேறொன்று கொடுத்தார்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை, காலை ஏழு மணிக்கு டைல்ஸ் வெட்டும் சத்தம்.

நாங்கள் போனது ஜனவரி. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். அந்த மாதங்களில் குத்தா, ஜிம்பரான் பக்கக் கடற்கரைகளில் அலையோடு பிளாஸ்டிக் குப்பை வந்து குவியும். கடற்கரையில் போட்டோ எடுக்கலாம் என்று போய், குப்பை தெரியாத கோணம் தேடியே பொழுது போனது. தேதியை எங்களுக்குப் பரிந்துரைத்ததும் ஏஜென்ட்தான், “சீசன் இல்லாததால் டிஸ்கவுன்ட்” என்று.

விசா விண்ணப்பம் திரும்பி வந்ததும் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். “மேடம், நீங்கள் வேறு வேறு மதம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். பணம் போன கணக்கும் நிறுவனத்தின் பெயரில் இல்லை, தனி ஆளின் கணக்கு. ரசீதில் ‘ஒருங்கிணைப்புக் கட்டணம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு புகார் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று இப்போது அலைந்து தெரிந்துகொண்டிருக்கிறோம்.

போன மாதம் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டோம். பாலிப் பணத்தில் ஒரு ரூபியாகூடத் திரும்பவில்லை. நான் விடாமல் போன் செய்ததால், இழப்பீடாக ஒன்று அனுப்பியிருக்கிறார்: உபுதில் தம்பதியருக்கான இலவச மசாஜ் கூப்பன், ஆறு மாதத்துக்குச் செல்லும், விமானச் செலவு எங்களுடையது.