பாளையங்கோட்டை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: மூன்று மாதம் படித்த அனுபவம்

பத்தமடையில் கோரைப்பாய் வாங்கி விற்பவள் நான். வெளிமாநில ஆட்களிடம் பேச வேண்டியிருந்ததால் பாளையங்கோட்டையில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம், 4,500 ரூபாய்.

இலக்கணத்தை விட எனக்குப் பிடித்தது டீச்சர் எங்களைப் பேச வைத்த விதம். பாய் விற்பது போலவே நடிக்கச் சொன்னார். தமிழில் யாராவது "அக்கா, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்றால் மறுக்க எனக்கு வாய் வராது. அக்கா என்று கூப்பிட்டதுமே நூறு ரூபாய் இறங்கிவிடும். ஆங்கிலத்தில் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே 'யூ'தான். விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன். இது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அந்நிய மொழியில் யோசிக்கும்போது இழப்பைப் பற்றிய பயம் நம் முடிவுகளை அவ்வளவாக ஆட்டுவதில்லை என்று 2012-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கேசர் குழு கண்டதாக டீச்சர் சொன்னார். கேட்டதும் என் பாய்க்கடைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் 'வீ' என்னைப் பாடாய்ப் படுத்தியது. நாமா, நாங்களா? "நாம பேசி முடிச்சுக்கலாம்" என்று வாங்க வந்தவரையும் நம்மோடு சேர்த்துக்கொள்ளும் நெருக்கம் அதில் கிடைக்கவே இல்லை.

குறையும் உண்டு. ஒரே அறையில் இருபது பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தால் பெரிது. மே மாதத்தில் அந்த மாடி அறை வெந்தது.

சரி, வியாபாரம் செய்கிறவர்கள் தயங்காமல் சேரலாம். மூன்று மாதம் எனக்குப் போதவில்லை. அடுத்த மாதம் மறுபடி சேர்கிறேன்.