பூட்டிய போனும் 5ஆம் திருத்தமும்: இரண்டு விடைகள்

சோதனை ஆணையோடு போலீஸ் போனைக் கைப்பற்றிவிட்டது, திரை பூட்டியிருக்கிறது. கடவுச்சொல்லைப் போட்டுத் திறக்கும்படி சந்தேக நபரைக் கட்டாயப்படுத்தலாமா? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் 5ஆம் திருத்தம். ஆனால் கேட்டதை ஒப்படைக்கும் செயல் உணர்த்தும் சேதி ('இது இருக்கிறது, என்னிடம் இருக்கிறது' என்பது) அரசுக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்ததுதான் என்றால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 1976இல் ஃபிஷர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான் சட்ட அறிஞர்கள் பிரிகிறார்கள்.

ஓரின் கெர் வாதப்படி, திறக்கும் செயல் 'எனக்குக் கடவுச்சொல் தெரியும்' என்பதை மட்டுமே சொல்கிறது. அதை அரசு காட்டினால் போதும். மாசசூசெட்ஸ் (2019), நியூ ஜெர்சி (2020), இல்லினாய் (2023) மாநில உச்ச நீதிமன்றங்கள் ஏறக்குறைய இதே வழியில் சென்றன. மாசசூசெட்ஸ் மட்டும் அந்த ஒன்றைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்கிறது.

லாரன்ட் சாக்கரோஃபோ கடவுச்சொல்லை அல்ல, போனில் உள்ள கோப்புகளையே அளவாகக் கொள்கிறார்: இன்ன கோப்பு இவரிடம் இருக்கிறது என்று அரசு குறிப்பாகக் காட்ட வேண்டும். இண்டியானாவின் 2020 தீர்ப்பு இந்தப் பக்கம் சாய்ந்தது.

தர்க்கத்தில் கெர் கச்சிதம். ஆனால் சட்டைப்பையில் இருந்த போனின் கடவுச்சொல் உரியவருக்குத் தெரியும் என்று காட்டுவது மிக எளிது. பிறகு பாதுகாப்பில் என்ன மிஞ்சும்? ஃபிஷர் வழக்கில் கேட்கப்பட்டவை சில கணக்குத் தாள்கள். போனில் இருப்பது ஒருவரின் பல ஆண்டு வாழ்க்கை. அதனால் சாக்கரோஃப் பக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது, எவ்வளவு குறிப்பாகக் காட்ட வேண்டும் என்ற அளவுகோல் இன்னும் மங்கலாக இருந்தாலும்.

நியூ ஜெர்சி வழக்கை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் மறுத்தது.