முற்றவெளியில் முன்வரிசை வேண்டாம்: யாழ்ப்பாணத்தில் கச்சேரி கேட்கிற இடங்களுக்கு என்ர புள்ளிகள்

10,000 ரூபா முன்வரிசை ரிக்கற்றுக்கு நான் போடுற புள்ளி 5க்கு 2. 3,000 ரூபா ரிக்கற்றுக்கு 4. முற்றவெளி மைதானத்தில ஒரே மேடை, ஒரே பாடகர், ஒரே இரவு. பாடினவரிலயும் வாசிச்ச பெடியளிலயும் ஒரு குறையும் இல்லை. நான் சொல்லப்போறது கேக்கிற இடத்தைப் பற்றி.

முன்வரிசை ரிக்கற் என்ர மனுசனுக்கு வேலை செய்யிற இடத்தால கிடைச்சது. தங்கச்சி குடும்பம் தங்கட காசில 3,000 ரூபாப் பகுதியில. முதல் பாதியை நான் முன்னுக்கு இருந்து கேட்டன், பிற்பாதிக்கு தங்கச்சியிட்டப் போயிட்டன். திரும்பி வரச் சொல்லி இவர் ரெண்டு தரம் போன் எடுத்தார். நான் போகேல்லை.

முன்னுக்கு என்ன இருக்குதெண்டால், வெள்ளை உறை போட்ட சோபா, தண்ணிப் போத்தில், பிரமுகர்மாரின்ர முதுகு. ஆறு மணிக்கெண்டு அடிச்ச நிகழ்ச்சி, வரவேற்புரை, பொன்னாடை, அந்தப் பொன்னாடையைப் போர்த்தினவருக்கு இன்னொருத்தர் பொன்னாடை எண்டு ஏழரைக்குத்தான் தொடங்கினது. இதெல்லாம் எங்கட ஊருக்குப் புதிசில்லை, விடுவம். பாட்டுத் தொடங்கின பிறகுதான் எனக்கு விசர் வந்தது. வெளிமைதானத்தில மேடைக்கு ரெண்டு பக்கமும் உயரத்தில தொங்குற ஸ்பீக்கர், தூரத்தில நிக்கிற சனத்துக்குப் போய்ச் சேரவெண்டு பூட்டினது. முன்வரிசைக்காரர் அதுக்குக் கீழ இருக்கினம். பாடகரின்ர குரல் எங்கட தலைக்கு மேலால போகுது. எங்களுக்கு வாறது நிலத்தில வைச்ச பேஸ் பெட்டியின்ர இடியும், ட்ரம்ஸை நேரா அடிக்கிற சத்தமும்தான். மடியில வைச்சிருந்த போத்தில் தண்ணி ஒவ்வொரு அடிக்கும் நடுங்கினது. பாடகர் கண்ணை மூடி மெல்லிசா ஒரு ஆலாபனை இழுக்கிறார், வாய் அசையிறது வடிவாத் தெரியுது, ஒண்டும் கேக்கேல்லை. பின்னுக்கு நிண்ட சனம் கை தட்டினதாலதான் அது நல்லா இருந்ததெண்டு எங்களுக்குத் தெரியும்.

3,000 ரூபாப் பகுதிக்கு நடுவில ஒரு சின்னக் கூடாரம். அதுக்குள்ளதான் பாட்டு, வாத்தியச் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசை. ஒரு தம்பி ஒரு கையில டாப்லெட்டும் மற்றக் கையில றோல்ஸுமா நிண்டு எல்லாத்தையும் சரி செய்துகொண்டிருந்தார். கூடாரத்துக்குப் பின்னால போய் நிண்டவுடன புல்லாங்குழல் எங்கிருந்தோ முளைச்சு வந்தது. மேடையில அப்படி ஒருத்தர் இருக்கிறாரெண்டே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. "அக்கா, இதிலயே நில்லுங்கோ. என்ர காதுக்குத்தான் நான் எல்லாத்தையும் வைக்கிறன்" எண்டார் அந்தத் தம்பி. இதைவிடச் சுருக்கமா எனக்கும் சொல்லத் தெரியாது. ரிக்கற் எடுக்கேக்க மேடை எங்க எண்டு பாக்காதேங்கோ, மிக்சர் மேசை எங்க வருமெண்டு கேளுங்கோ. அதுக்கு நேர் பின்னால, கொஞ்சம் உயரமான இடமெண்டால் இன்னும் நல்லம்.

அதுக்காக ஒரேயடியாப் பின்னுக்குப் போகவும் வேண்டாம். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் ஓடும். மேடையில இருந்து 100 மீற்றர் தள்ளி நிண்டால் கால் செக்கனுக்கு மேல பிந்தித்தான் காதுக்கு வரும். பெரிய திரையில ட்ரம்ஸ்காரர் தடியை இறக்கிற நேரமும் சத்தம் வாற நேரமும் ஒத்து வராது. அவர் பிழையா அடிக்கிறாரெண்டு பக்கத்தில நிண்ட ஒரு அண்ணை அடிச்சுச் சொன்னார். வசதியான ஆக்கள் நடுவில இன்னொரு சோடி ஸ்பீக்கர் நட்டு, அதைக் கணக்குப் பண்ணிப் பிந்த விடுவினம். அப்ப முன்னால இருந்து வாற சத்தமும் பக்கத்து ஸ்பீக்கரும் ஒண்டாச் சேரும். நான் போன அண்டைக்கு அது இல்லை.

முற்றவெளிக்கெண்டு இன்னொரு குணம் இருக்கு. ஒரு பக்கம் கோட்டை, அங்கால பண்ணைக் கடல். சோழகம், அதுதான் தென்மேல் காத்து, அடிக்கிற மாதங்களில காத்து ஒரு நிமிசம் பாட்டைக் கொண்டுவந்து தரும், அடுத்த நிமிசம் தூக்கிக்கொண்டு போகும். காத்துக்கு எதிர்ப்பக்கமா நிண்டால் மெல்லிய சத்தங்கள்தான் முதல்ல காணாமப் போறது. வயலின் போயிடும், தவில் நிக்கும். வைகாசியில இருந்து ஆவணி மட்டும் அங்க கச்சேரி எண்டால் மேடை காத்து வாற கடல் பக்கமா இருக்குதோ எண்டு பாருங்கோ. இல்லாட்டி பாட்டை வீட்டில யூரியூப்பில கேளுங்கோ.

பெரிய பாடகர்மார் இப்ப கனக்க வருகினம். 2022 டிசம்பரில சென்னை–பலாலி விமானம் திரும்ப ஓடத் தொடங்கினது பெரிய உதவி. கொழும்புக்கு இறங்கி ஏ9 வீதியால இரவிரவா வாத்தியப் பெட்டியளோட வரத் தேவையில்லை. 2023 ஒக்ரோபரில சந்தோஷ் நாராயணன் முற்றவெளியில செய்தார். 2024 பெப்ரவரியில ஹரிஹரன் வந்த இரவு இலவசப் பகுதிச் சனம் தடுப்புகளைத் தாண்டி உள்ள வந்து நிகழ்ச்சியே இடையில நிண்டதை எல்லாரும் அறிவீங்கள். அண்டையில இருந்து "யாழ்ப்பாணத்தாருக்குக் கச்சேரி கேக்கத் தெரியாது" எண்டு ஒரு கதை ஓடுது. எனக்கு அதில உடன்பாடில்லை. கட்டணப் பகுதியை மேடைக்கு முன்னால அகலமா விரிச்சுப்போட்டு, இலவசச் சனத்தை ஒண்டும் தெரியாத தூரத்தில விட்டால் எந்த ஊரிலயும் சனம் முன்னுக்குத்தான் வரும். நடுவில ஸ்பீக்கரும் திரையும் வைச்சு, வெளியில போக அகலமா நாலு வழி விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான் போன நிகழ்ச்சியை நடத்தினவைக்கு ஒரு சொல்லு. அவ்வளவு பொம்பிளையளும் பிள்ளையளும் வாற இடத்தில மலசலகூடம் எங்கயெண்டு ஒரு அம்புக்குறி வைக்கேல்லை, போற வழியில வெளிச்சமும் இல்லை. முடிஞ்சு எல்லாரும் ஒரே வாசலால வெளியேற, தங்கச்சியின்ர சின்னவனை நான் தோளில தூக்கித்தான் கொண்டுவந்தன். அந்த நேரத்துக்கு மினிபஸ்ஸும் இல்லை. ஓட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கோ, வாசலில இல்லை, நூலகப் பக்கமா நிக்கச் சொல்லுங்கோ.

இனி மண்டபம். புல்லுக்குளத்தடியில, நூலகத்துக்குப் பக்கத்தில இந்திய உதவியில கட்டின பண்பாட்டு மையம். 2023 பெப்ரவரியில சனத்துக்குத் திறந்துவிட்டது, 2025 தையில திருவள்ளுவர் பேர் வந்தது. பேர் சம்பந்தமா நடந்த சண்டையை மற்றவை எழுதட்டும். எனக்கு வேண்டியது உள்ள இருக்கிற 600 பேர் கொள்ளக்கூடிய அரங்கு. கர்நாடக சங்கீதத்துக்கு இந்த அளவுதான் அளவு. நடுவில, மேடையில இருந்து ஏழெட்டு வரிசை தள்ளி இருந்தால் வீணையின்ர மீட்டு முடிஞ்ச பிறகு வாற அந்தக் கடைசி இழுவையும் காதுக்கு வரும். 5க்கு நாலரை. அரை ஏன் குறைச்சனெண்டால், என்ர மாமா சும்மா இருக்க மாட்டார்.

மாமா, இவற்ற அப்பா, இணுவிலார். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட ஆள். சுத்தினது அவர், கேட்டது முழு ஒழுங்கையும். அப்படிக் கேட்ட காது இப்ப எதிலயும் குறை பிடிக்கும். ஒரு கலியாண மண்டபத்தில நடந்த கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். தரை முழுக்க டைல்ஸ், சுவர் முழுக்கக் கண்ணாடி, பாதிக் கதிரை வெறுமை. அடிச்ச சத்தம் சுவரில பட்டுத் திரும்பி வந்து அடுத்த அடியோட முட்டுப்பட்டது. "என்ன பிள்ளை, மிருதங்கத்தை மேடையில வாசிக்கிறாங்களோ, கிணத்துக்குள்ள வாசிக்கிறாங்களோ?" எண்டு மூண்டு வரிசைக்குக் கேக்கக் கேட்டார். சனம் நிறைஞ்சால் அந்த மண்டபமே வேற மாதிரிக் கேக்கும், உடுப்பும் உடம்பும் எதிரொலியை உறிஞ்சும். அரைவாசி ஆள் வந்த கச்சேரியெண்டால் எல்லாரும் பின்னுக்குப் பரந்து இருக்காமல் முன்னுக்கு ஒண்டா வந்து இருங்கோ, வாசிக்கிறவருக்கும் அது சந்தோசம்.

மாமாவின்ர 5க்கு 5 எதுக்கெண்டு கேக்கத் தேவையில்லை. கோயில் வீதியில மேளச்சமா, அதுதான் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த கச்சேரி. இணுவில், அளவெட்டிப் பக்கம் பிறந்த ஆக்களிட்ட வேற மறுமொழி எதிர்பார்க்கேலாது. தவில் தெட்சணாமூர்த்தி 1975இல 42 வயசுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தவர். தமிழ்நாட்டில நாதஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலத்துக்கு வாசிச்ச கை அது. மாமா அவரைப் பொடியனா இருக்கேக்க கேட்டவர். இப்ப ஆர் வாசிச்சாலும் முதல் அஞ்சு நிமிசம் அந்த ஆளோட ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குவார். ஆறாவது நிமிசம் தொடையில தாளம் போடுவார்.

நான் அவரோட போய்க் கேக்கத் தொடங்கின பிறகுதான் தவிலை எங்க நிண்டு கேக்கிறதெண்டு பிடிபட்டது. வாசிக்கிறவர் தொடங்க முன்னம் வலக்கை விரல்களில கூடு மாட்டுறதைப் பாத்திருக்கிறீங்களோ? துணியும் பசையும் சேத்துச் செய்து காயவைச்சது, கல்லு மாதிரி இருக்கும். ஒவ்வொண்டா மாட்டி, விரலை மடிச்சு நீட்டிப் பாத்து, வலந்தலையில ஒரு தட்டு. மற்றக் கையில தடி. அந்தக் கூடு தோலில படுற கூரான சத்தம் மைக்கால போனால் வெறும் "டக்" ஆகிடும். நேரில, பத்தடிக்குள்ள, வலக்கைப் பக்கமா நிண்டால் ஒவ்வொரு விரலும் வேறவேறயாக் கேக்கும். தடிப் பக்கமா நிண்டால் இடி மட்டும்தான். நாதஸ்வரத்துக்கு நேர் முன்னால நிக்காதேங்கோ, காது போயிடும், சரிஞ்ச பக்கமா நில்லுங்கோ. இவ்வளவுக்கும் ரிக்கற் இல்லை, சோபா இல்லை, பொன்னாடை கடைசியிலதான்.

என்ர புள்ளி அதுக்கு 5 இல்லை, 4. ஏனெண்டால் போன முறை போன கோயிலில, பத்தடியில நிண்டு கேக்கக்கூடிய தவிலுக்கு மைக் வைச்சு, அதைக் கூம்பு ஸ்பீக்கரில மரத்துக்கு மரம் கட்டி அலறவிட்டிருந்தாங்கள். அடுத்த ஒழுங்கையில படுத்திருக்கிற ஆளுக்கு அரியண்டம், முன்னால நிக்கிற எங்களுக்கு நட்டம். மாமா போய் வயரைக் கழட்டச் சொல்லி உபயகாரரோட கதைச்சார். உபயகாரர் "ஐயா, காசு குடுத்துப் பிடிச்ச செற்" எண்டார். அதுக்கு மேல ஒண்டும் செய்யேலாது.

அடுத்தது என்ன எண்டால், நல்லூர்க் கொடியேறிவிட்டால் 25 நாளைக்கும் பின்னேரங்களில அந்தப் பக்கம் எங்கயாவது பாட்டோ மேளமோ இருக்கும். வாகனம் உள்ள விடமாட்டினம், நடக்கத் தயாராப் போங்கோ. மாமா அந்த நாளில நல்லூருக்கு வரமாட்டாராம், சனம் கதைக்கிற சத்தத்தில ஒண்டும் கேக்காதாம். தையில தைப்பூசத்துக்கு இணுவில் கந்தசுவாமி கோயில் பெருமஞ்சத் திருவிழாவுக்குத்தான் வருவாராம். நான் ரெண்டுக்கும் போவன். ஐப்பசி, கார்த்திகையில வெளிமைதானக் கச்சேரிக்கு ஆராவது ரிக்கற் வித்தால், மழை வந்தால் காசு திருப்பித் தருவினமோ எண்டு முதல்ல கேளுங்கோ. "பாப்பம் அக்கா" எண்டு மறுமொழி வந்தால் வாங்காதேங்கோ.